இருபதாவது நொடி

"மூடாதீங்க!"

செரோப் போட்ட சத்தத்தில் மட்டாட்டு வேனில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்துவிட்டார். ஆனால் என்ன பயன்... பக்கத்து சீட்டுக்காரன் அவள் மடியில் இருந்த லேப்டாப்பைப் படக்கென்று மூடி, தன் கோட்டுக்குள் செருகி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான்.

அவன் மேல் முழுத் தப்பும் இல்லை. கெரிச்சோவில் ஏறும்போது தூறலாக இருந்த மழை, மலைச்சரிவு இறங்கும்போது கொட்டித் தீர்த்தது. அவள் பக்கத்து ஜன்னல் பாதியில் சிக்கிக்கொண்டு மூட மறுத்தது. சாரல் நேராக லேப்டாப் மேல். பார்க்கிற எவனுக்கும் கை துடிக்கத்தான் செய்யும்.

"நனையுதுங்க... அதான்..."

"நனைஞ்சா துடைச்சுக்குவேன்! நீங்க யாரு என் லேப்டாப்பை மூடறதுக்கு? கொடுங்க இங்க!"

பிடுங்கித் திறந்தாள். திரையில் ஒரே ஒரு வரி. எழுத முடியவில்லை, ஓட்டம் நின்றது.

செரோப் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சது. ஏழு மணி நேரம்! இன்னும் ரெண்டே மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்!"

"மூடினா தூங்கத்தானே செய்யும்? திறந்தா விட்ட இடத்துலேர்ந்து ஓடுமே..."

அட, விஷயம் தெரிந்தவன்தான். அதுவே அவள் கோபத்தை இரண்டு மடங்காக்கியது. லேப்டாப்பின் ஓரத்தில் தொங்கிய ஒரு கேபிளை எடுத்து அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள். மறுமுனையில் இருக்க வேண்டிய சின்ன ஹார்ட் டிஸ்க் அவள் காலடியில் கிடந்தது.

"தூங்கும். ஆனா இது? நீங்க இழுத்த இழுப்புல கழண்டு போச்சு. எழுதிக்கிட்டிருந்ததே இதுலதான்."

"ஐயோ..." அவன் முகம் வாடிவிட்டது. "லேப்டாப்ல இடமில்லையா?"

"நாப்பது ஜிபி வருது. எங்க வைக்கிறது, உங்க தலையிலயா?"

"என்ன, சர்க்யூட் ஸிமுலேஷனா?"

அவள் குனிந்து டிஸ்க்கை எடுத்தாள். முன்னால் நின்ற கண்டக்டர் அம்மா பெரிய உடம்பைத் திருப்பி, "என்னம்மா, கல்யாண வீடியோ ஏதாச்சும் அழிஞ்சு போச்சா?" என்றாள்.

"அதைவிடப் பெருசு அம்மா," என்றான் அவன், குற்றவாளிக் குரலில். மட்டாட்டு முழுக்கச் சிரித்தது. செரோப் சிரிக்கவில்லை. சிரித்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்... அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள்.

இமையெல்லாம் மழைத் துளி. அதற்கு நடுவே இரண்டு கண்கள், நிஜமாகவே வருத்தப்பட்டுக்கொண்டு. தப்புச் செய்துவிட்டு இவ்வளவு அழகாக வருத்தப்பட ஒருவனுக்கு என்ன உரிமை?

அவன் கோட்டைக் கழற்றினான். சுருட்டி, ஜன்னல் இடைவெளியில் வைத்து அழுத்தினான். சாரல் நின்றது. மெல்லிய சட்டையோடு கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"நான் ஒகோத். எங்க ஆளுங்க மழை பெய்யறப்ப பொறந்தா இப்படித்தான் பேர் வைப்பாங்க. அந்த மழையே இன்னிக்கு என்னை மாட்டிவிட்டுடுச்சு பாருங்க. உங்க பேரு?"

"அந்த ஏழு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்க. சொல்றேன்."

"கெரிச்சோக்காரங்க எல்லாத்துலயும் வேகமா ஓடுவாங்கன்னு கேள்வி. உங்க ஸிமுலேஷன் மட்டும் ஏன் ஒன்பது மணி நேரம்?"

"கிசுமுக்காரங்க பேசியே அவங்க ஊரு ஏரியை நிரப்புவாங்கன்னு நானும் கேள்வி."

அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் இறங்கும் அஹேரோ வரும்வரை திறக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தபோதெல்லாம் உதட்டோரம் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. அஹேரோவில் எழுந்தான்.

"உங்க கோட்டு?"

"அது அங்கேயே இருக்கட்டும். எடுத்தா மறுபடி நனைவீங்க."

மழைக்குள் இறங்கி ஓடினான். வெள்ளைச் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது... அப்புறம் மழை மட்டும்.

செரோப் லேப்டாப்பைத் திறந்து, முதலிலிருந்து ஓட்டத் தொடங்கினாள். வேறு வழியில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் முடிந்தாக வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். கிசுமுவில், படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கடைகளுக்கு நடுவே, நெக்கேசா மேடத்தின் பட்டறை. பிறந்த குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் கட்டில்களைத் தயாரிக்கிறார்கள். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும், வந்தால் தானாக மாறிக்கொள்ளும். அதற்கான மின்பெட்டியை வடிவமைத்தவள் செரோப். ஏரிக்கரைக் கிளினிக்குகளின் சங்கம் பன்னிரண்டு கட்டில் வாங்குவதாக இருந்தது. சோதனைக்காக ஒரு தீவுக் கிளினிக்கில் வைத்த முதல் கட்டில், ஒரு நாள் கரண்ட் திரும்பி வந்த கணத்தில் பட்டென்று புகைந்து செத்துப்போனது. நர்ஸ் கெட்டிக்காரி. குழந்தையை அள்ளித் தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திவிட்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் காரணம்? அது யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டம். அதற்குள் காரணம் சொல்லாவிட்டால் பன்னிரண்டு கட்டிலும் இல்லை, செரோப்பின் இரண்டு வருட உழைப்பும் இல்லை. கூட்டத்துக்கு முன் பெட்டியைச் சோதிக்க, செவ்வாய்க்கிழமை சங்கத்திலிருந்து ஒரு பரிசோதகர் வருகிறார்.

வந்தார். வாசலில் செருப்பின் சேற்றைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தார்.

ஒகோத்!

செரோப்பின் நெஞ்சு ஒரு துள்ளல் துள்ளியது. துவைத்து இஸ்திரி போட்ட அவன் கோட்டு, இதோ அவள் நாற்காலி முதுகிலேயே தொங்குகிறது. அவன் பார்த்தான். கோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்... பிறகு நெக்கேசா மேடத்தின் பக்கம் திரும்பிக் கை நீட்டினான்.

"வணக்கம் மேடம். நான் ஒகோத். இவங்கதான் உங்க இன்ஜினியரா?"

"ஆமாம் சார். செரோப்."

பேரைக் குறிக்கப் போன அவன் பேனா ஒரு கணம் நின்றது. கிசுமுவில் வளர்ந்தவனுக்குக் கெரிச்சோப் பேரின் அர்த்தம் தெரியாமலா இருக்கும்? செரோப் என்றாலும் மழையில் பிறந்தவள்தான். ஆனால் அவன் முகத்தில் ஒன்றும் இல்லை.

"சந்திச்சதுல சந்தோஷம்," என்றான், முன்பின் பார்த்தே இராதவன் போல.

அவ்வளவுதானா! இரண்டு ராத்திரி அந்தக் கண்களை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவள் நான்தானா... மடச்சி! செரோப்பின் காது மடல் சுட்டது. விறைப்பாகத் திரையைத் திருப்பினாள்.

"முப்பது நொடி ஓட்டம் சார். பத்தாவது நொடியில கரண்ட் போகுது, இருபதாவதுல வருது. பாருங்க. எல்லாமே அளவுக்குள்ள இருக்கு. பெட்டியில தப்பில்ல."

திரையில் பச்சைக் கோடு குளத்துத் தண்ணீர் போல அமைதியாக இருந்தது. ஒகோத் குனிந்து, நிதானமாகப் பார்த்தான்.

"படம் ஏன் இருபத்தொண்ணாவது நொடியிலேர்ந்து தொடங்குது?"

"முழுசா எழுதினா நூத்தி முப்பது ஜிபி வரும். பேட்டரி எப்படி நிரம்புதுன்னு பார்க்கக் கடைசி ஒன்பது நொடி போதும்னுதான் அதை மட்டும் எழுதச் சொல்லியிருக்கேன்."

"கட்டில் புகைஞ்சது இருபதாவது நொடியில இல்லையா?"

சின்னக் கேள்விதான். ஆனால் மேடத்தின் முன்னால், அந்நியன் போன்ற குரலில் கேட்டதுதான் குத்தியது.

"முதல் இருபது நொடியில ஒண்ணும் இல்ல சார். எனக்குத் தெரியும். என் சர்க்யூட்."

"இருக்கலாம். சங்கத்துக்கு முழுப் பதிவு வேணும்." பையிலிருந்து ஒரு பெரிய டிஸ்க்கை எடுத்து மேசை மேல் வைத்தான். "இதுல எழுதிக் கொடுங்க. சுழியத்திலேர்ந்து. வெள்ளிக்கிழமைக்குள்ள."

போய்விட்டான். கோட்டைக் கேட்கக்கூட இல்லை. நெக்கேசா மேடம் பெருமூச்சு விட்டாள்.

"இடி விழுந்துச்சுன்னு எழுதிடலாம்டி. ஏரிப் பக்கம் எந்த நாள் இடி விழாம இருக்கு? யாரு போய்ப் பார்க்கப் போறா?"

"இல்ல மேடம். அந்த ஆளுக்கு முதல் நொடியிலேர்ந்து காட்டறேன். காட்டிட்டு, ஒண்ணும் இல்லைன்னு அவர் வாயாலயே சொல்ல வைக்கிறேன்."

ரோஷம் வந்தால் அவள் அப்படித்தான். உடனே 'சுழியத்திலிருந்து எழுது' என்று மாற்றி, ஓட விட்டுவிட்டுப் போனாள். புதன் காலை மந்தாசி பணியாரத்தை வாயில் கவ்வியபடி வந்து திரையைப் பார்த்தாள். இருபதாவது நொடியில் கோடு ஒரே தாவாகத் தாவி, கோணலாக இறங்கியிருந்தது. இரண்டு புள்ளி, நடுவே ஒன்றும் இல்லை. அந்த இடத்தைக் கணினி பார்க்கவே இல்லை... தாண்டிக் குதித்திருக்கிறது.

மந்தாசியைக் கீழே வைத்தாள். அமைப்புகளைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

கணக்கில் எவ்வளவு பிழை இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும் எண் அது. இருக்க வேண்டியதைவிட ஆயிரம் மடங்கு தாராளமாக இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு. 'தற்காலிகம். செரோப்.' தேதி, ஐந்து வாரத்துக்கு முன்னால்.

ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஓட்டம் நடுவிலேயே நின்று நின்று உயிரை வாங்கியது. பேட்டரி நிரம்புவதை மட்டும் எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று கண்டிப்பைத் தளர்த்தினாள். நிற்காமல் ஓடியது. நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், 'தற்காலிகம்' என்று எழுதாதவன் ஒருவனும் இல்லை, அதைத் திரும்பிப் போய் அழித்தவன் அதைவிட இல்லை.

எண்ணைப் பழையபடி கண்டிப்பாக்கி ஓட்டினாள். சாயங்காலம் நான்கு மணிக்கு நின்றது. இருபது நொடி தாண்டி ஒரு மயிரிழையில். கால அடி மிகச் சிறிதாகிவிட்டது, இதற்கு மேல் போக முடியாது என்றது திரை. கணினி காலத்தை அடியடியாக வைத்து நடக்கிறது. விடை நிலைக்கு வராவிட்டால் அடியைப் பாதியாக்கும், அதையும் பாதியாக்கும்... எவ்வளவு சின்ன அடி வைத்தும் விடை கிடைக்காவிட்டால் கையை விரித்துவிடும்.

ஆத்திரத்தில் டிஸ்க்கின் கேபிளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். வரவே இல்லை.

திருப்பிப் பார்த்தாள். கேபிள் டிஸ்க்கில் சேரும் இடத்தில், யாரோ பொறுமையாக, மூன்று சுற்று கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். கழன்றுவிடக் கூடாது என்று.

யாரோ என்ன யாரோ!

சந்தித்ததில் சந்தோஷமாம்... திருடன்! அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. செரோப் அந்த டேப்பை விரலால் தடவினாள். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. ஏன் சொல்லவில்லை? சொன்னால் என்னவாம்? பொறு, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இந்த இருபதாவது நொடி.

நின்றுபோன அந்த வரியை, இப்போதுதான் அவள் திட்டாமல் படித்தாள். ஐந்து வாரத்துக்கு முன்னாலும் கணினி இதே இடத்தைக் காட்டித்தான் சண்டை பிடித்திருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது? கரண்ட் திரும்புகிறது. பெட்டியின் வாசலில் ஒரு பெரிய கெப்பாசிட்டர், அந்த நேரம் காலியாக. இரண்டையும் இணைக்கும் ஒயருக்குத் தடையே கிடையாது என்று வரைந்திருக்கிறாள். தடையில்லாத வழியில், காலிப் பாத்திரத்துக்குள் கரண்ட் எவ்வளவு பாயும்? எல்லையே இல்லாமல்! அந்தக் கேள்விக்கு எந்தக் கணினி விடை சொல்லும்?

மீட்டரை எடுத்து நிஜமான ஒயரை அளந்தாள், மூன்று முறை. கெப்பாசிட்டரின் உள்தடையைச் சேர்த்தாள். கிடைத்த எண்களைப் படத்தில் போட்டு ஓட விட்டாள். வியாழன் காலை முப்பது நொடியும் முழுசாக ஓடி முடிந்திருந்தது. இருபதாவது நொடியில் பச்சைக் கோடு ஈட்டி போல எழுந்து நின்றது. முந்நூற்றுப் பத்து ஆம்பியர். அவள் தேர்ந்தெடுத்த ஸ்விட்ச் தாங்குவது நாற்பது.

இடி விழவில்லை. அவள் சர்க்யூட்தான் கட்டிலைக் கொளுத்தியது.

பிறகு முகம் கழுவி வந்து, வாசலில் ஒரு சின்ன வில்லையைச் சேர்த்தாள். குளிர்ந்திருக்கும்போது தடுக்கும், சூடேறினால் வழிவிடும். பாய்ச்சலை மட்டும் காட்டும் ஒரு குட்டி ஓட்டம் ஓட்டிப் பார்த்தாள். இருபத்தெட்டு ஆம்பியர். கரண்ட் உடனே போய் உடனே வந்தால், வில்லை இன்னும் சூடாக இருக்கும்போது? அப்போதும் தடுக்க, பாய்ச்சல் அடங்கியதும் வில்லையை விலக்கி ஆறவிடும் ஒரு ரிலேயையும் பக்கத்தில் வைத்தாள்.

நெக்கேசா மேடம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "தப்பு என்னோடதுன்னு கூட்டத்துல நீயே எந்திரிச்சு நின்னு சொல்லப் போறியா? பைத்தியமாடி உனக்கு? இடின்னு சொன்னா ஆர்டராவது மிஞ்சும்!"

"அடுத்த தடவை நர்ஸ் பக்கத்துல இல்லைன்னா மேடம்? பன்னிரண்டு கட்டில். பன்னிரண்டு குழந்தைங்க. ஆர்டர் போனா போகட்டும். நான் சொல்லத்தான் போறேன்."

மேடம் தலையிலிருந்து கையை எடுத்தாள். "சரி. நானும் பக்கத்துல நிக்கறேன். திட்டினா ரெண்டு பேரையும் திட்டட்டும்."

வெள்ளிக்கிழமை. நீண்ட மேசை, ஏழு பேர், கடைசியில் ஒகோத். செரோப் எழுந்து நின்றாள்.

"இடி இல்ல. தப்பு என் வடிவமைப்புல. அது என் கண்ணுக்குப் படாம, நானே ரெண்டு வேலை செஞ்சு வெச்சிருந்தேன்." பழைய படம், 'தற்காலிகம்' என்ற குறிப்பு, நின்றுபோன வரி, ஈட்டி, கடைசியில் வில்லை போட்ட புதுப் படம். ஒன்றையும் மறைக்கவில்லை. "இந்தப் பெட்டியோட நீள ஓட்டம் இன்னிக்குக் காலையிலதான் ஆரம்பிச்சது, இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. முடிஞ்சதும் அனுப்பறேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷத்துல எத்தனையோ மெஷின் எரிஞ்சிருக்கும்மா. எல்லாம் இடி, இல்லைன்னா எலி. என் தப்புன்னு சொன்னது நீ ஒருத்திதான்." ஒகோத் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"புதுப் பெட்டியோட அதே தீவுக் கிளினிக்ல ஒரு மாசம் சோதனை. தாக்குப்பிடிச்சா பன்னிரண்டும் வாங்கலாம்." பேனாவை எடுத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்தபோது நாலு மணி மழை. மீன்காரிகள் கூடைகளைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தார்கள். கெரிச்சோ மட்டாட்டு நிற்கும் இடத்தில் தகரப் பந்தலுக்குக் கீழே நின்றாள் செரோப். கையில் திறந்த லேப்டாப், ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டம். தோளில் அந்தக் கோட்டு. பின்னால் ஓடி வரும் காலடி கேட்டது. திரும்பவில்லை. யாரென்று தெரியும்.

"செரோப்..."

"சந்திச்சதுல சந்தோஷம் சார்."

"கொல்லாதீங்க!" மூச்சு வாங்கினான். "உங்களை முன்னாடியே தெரியும்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பரிசோதிக்க வேற ஆளைத்தான் அனுப்பியிருக்கணும். அந்த ஆள் அஞ்சு நிமிஷத்துல இடின்னு எழுதிட்டுப் போயிருப்பாரு. அதான் வாயை மூடிக்கிட்டேன். தப்புதான். சங்கத்துக்கும் நான் சொல்லியிருக்கணும். இப்பத்தான் தலைவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு வரேன்."

"என்ன சொன்னாரு?"

"நல்லாத் திட்டினாரு. ஓட்டம் முழுசும் வேற ஆள் மறுபடி சரிபார்க்கட்டும்னுட்டாரு."

"பார்க்கட்டும். எத்தனை பேர் வேணா பார்க்கட்டும்." அவள் இப்போது திரும்பினாள். இமையில் அதே மழைத் துளி. அதே கண்கள். பரிசோதகர் குரலிலேயே கேட்டாள்.

"உங்க பதிவு எந்த நொடியிலேர்ந்து தொடங்குது, ஒகோத்?"

அவனுக்குப் புரிந்தது. சிரிக்காமல் சொன்னான்.

"'மூடாதீங்க'ன்னு நீங்க கத்தின நொடியிலேர்ந்து. அப்புறம் நீங்க கேபிளை என் மூக்குக்கு நேரா ஆட்டினது, சிரிக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சது... ஒண்ணையும் நான் விடல. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு செரோப். இன்னிக்குத் தப்பு என்னோடதுன்னு எந்திரிச்சு நின்னீங்களே... அப்ப இன்னும் அதிகமா."

மழை இரைந்தது. செரோப் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏழு மணி நேரம் பாக்கி இருக்கு."

"தெரியும். கெரிச்சோவுக்கு ரெண்டு மணி நேரம். மூணரை தடவை உங்க கூட வந்தா கணக்குத் தீரும். இன்னிக்கே ஆரம்பிக்கவா?"

"மூணரையில நிறுத்திடுவீங்களா?"

"நீங்க நிறுத்தச் சொன்னாத்தான்."

"சொல்ல மாட்டேன்," என்றாள், மழைக்குக்கூடக் கேட்காத குரலில். அவனுக்குக் கேட்டது.

மட்டாட்டு வந்து நின்றது. அதே கண்டக்டர் அம்மா! இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடேயப்பா, கல்யாண வீடியோ கிடைச்சிடுச்சா?"

"இனிமேத்தான் எடுக்கணும் அம்மா," என்றான் ஒகோத்.

செரோப் அவனைப் பின்னாலிருந்து ஒரு இடி இடித்து ஏற்றினாள். அதே சீட்டு, அதே சிக்கிக்கொண்ட ஜன்னல். இந்த முறை ஒகோத் ஜன்னலோரம் உட்கார்ந்து சாரலை முதுகில் வாங்கிக்கொண்டான். அவள் மடியில் லேப்டாப், டேப் சுற்றிய கேபிளோடு. திரையில் பதினேழாவது நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"கோட்டை ஜன்னல்ல வைக்கவா?" என்றான்.

"வேணாம். நனையறீங்க, போட்டுக்குங்க." கோட்டை அவன் தோளில் போர்த்தினாள். எடுக்க வேண்டிய கை, அங்கேயே இருந்தது.

பிறகு அவள், தானே, லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

ஒகோத் பதறினான். "ஐயோ, ஓட்டம்...!"

"தூங்கத்தானே செய்யும்," என்றாள் செரோப். "திறந்தா விட்ட இடத்துலேர்ந்து ஓடும்."